பாறை மண்ணாவதும் மண் பாறையாவதும்: மதுரைச் சீமைக் கண்மாய்க் கரம்பையின் வரலாறு

நன்செயாயினும் புன்செயாயினும், நாம் உழுகின்ற மண்ணின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பாறையாக இருந்ததே. அப் பாறை எவ்வாறு மண்ணாயிற்று என்பதையும், அம் மண் நம் நிலத்தை விட்டு எங்கே செல்கிறது என்பதையும் அறிதல் நூற்கல்விக்கு மாத்திரம் உரியதன்று. நிலமாகிய முதலை இழவாமற் காக்க விரும்பும் ஒவ்வொரு குடியானவருக்கும் வேண்டுவதாகும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் இதற்குரிய சான்றுகள் கண்ணெதிரிலேயே இருக்கின்றன.

பாறை சிதையும் விதம்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையிற் செல்வோர் யானைமலையைக் காணாமற் போக இயலாது. இம் மலையும் சுற்றுப்புறத்துக் குன்றுகள் பலவும் பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பழமையான பாறைகளாம். இத்தகைய பாறைகளில் முக்கியமாக மூவகைப் பொருள்கள் கலந்துள்ளன: கண்ணாடி போன்ற படிகக்கல், வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ காணும் ஃபெல்ஸ்பார், காக்காய்ப்பொன் முதலிய கரிய தாதுக்கள்.

மேலே கிடந்த பாரம் நீங்கியபின் பாறை ஏடேடாகப் பிளக்கிறது. பகல் வெயிலும் இரவின் குளிர்ச்சியும் அப் பிளவுகளைப் பெருக்குகின்றன. அரசும் ஆலும் அவற்றில் வேர்விட்டு நெருக்குகின்றன. எனினும் பெரிய வேலையைச் செய்வது நீரே. மழைநீர் காற்றிலும் மக்கிய தழையிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந் நீர் பட்ட ஃபெல்ஸ்பார் நாளடைவில் களியாக மாறுகிறது. அதிலிருந்த சாம்பற் சத்து சிறிது சிறிதாக வெளிப்பட்டுப் பயிருக்கு உதவுகிறது. கரிய தாதுக்களிலுள்ள இரும்பு துருவேறுகிறது. செவல் நிலத்தின் நிறம் அத் துருவே. படிகக்கல் மாத்திரம் எளிதில் மாறாது மணலாக உதிர்கிறது.

கிணறு வெட்டுவோர் இம் மாறுதலைப் படிப்படியாகக் காண்பர். மேலே மண், அதன் கீழே சரளை, அதன் கீழே பார்வைக்குப் பாறையாயிருந்தும் கடப்பாரைக்கு நொறுங்கும் மக்கிய பாறை, முடிவில் வெடி வைத்தாலன்றி உடையாத கரும்பாறை. ஈரம் தங்குமிடத்தில் பாறை விரைவில் மக்கும். நீர் படாத இடத்தில் நெடுங்காலம் நிற்கும். மேலூர்ப் பக்கத்து மாங்குளம் குன்றில், குகைகளின் முகப்பில் பாண்டியன் நெடுஞ்செழியனைக் குறிக்கும் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள், வெட்டப்பட்டு 2,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்கத்தக்கனவாக இருக்கின்றன. மதுரைச் சீமையிலுள்ள இத்தகைய குகைகள் பலவற்றில், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். கல்லைக் கரைப்பது நீரென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

மண் செல்லும் வழி

ஓர் உளியின் தடம் 2,000 ஆண்டுகள் அழியாதிருக்கும் பாறையிலிருந்தே நம் மண் உண்டாகவேண்டும். ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்பது 3,630 கன அடி மண்ணாகும். வரப்பில்லாத சரிவான நிலத்திலோ சில கனமழைகளே இதிற் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போகக்கூடும்.

அவ்வாறு போன மண் வரத்துக்கால் வழியே கண்மாயை அடைகிறது. ஓடும் நீரின் வேகம் குறையுமிடத்தில் முதலிற் சரளையும் பருமணலும் படியும், அடுத்து நுண்மணல், நீர் அசைவற்று நிற்கும் ஆழத்தில் களி. ஆகையால் கண்மாயின் வாய்ப்பகுதி மணற்பாங்காகவும், கரையை அடுத்த உள்வாய் கரம்பையாகவும் இருக்கக் காண்கிறோம். கண்மாயிற் தங்காதது வைகையில் சேர்ந்து கீழ்த்திசை செல்கிறது. வருஷநாட்டு மலையில் தோன்றி 258 கிலோமீட்டர் ஓடும் அந் நதியும் இதே முறையில் மண்ணைத் தரம் பிரித்துப் படியவைக்கிறது.

படிந்த அடுக்கின்மேல் அடுக்கு சேர்ந்து, பாரத்தால் நீர் பிழியப்பட்டு, சுண்ணாம்பும் இரும்பும் சாந்துபோலப் பற்றிக்கொள்ள, நெடுங்காலத்தில் மணல் மணற்கல்லாகவும் களி களிப்பாறையாகவும் இறுகும். இவற்றையே படிவுப் பாறைகள் என்பர். நமக்குக் கிழக்கே சிவகங்கைப் பக்கத்தில் கூழாங்கல்லும் மணலும் களியும் இவ்வாறு இறுகிய பாறைகள் உள்ளன. அவை 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அரியலூரில் பழைய கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல் சிப்பிகளோடு கிடைக்கிறது. இன்று சிமெண்டுத் தொழிற்சாலைகளுக்கு அதுவே மூலப்பொருள்.

குடியானவர் செய்யவேண்டுவன

கண்மாய்க் கரம்பை, பாறையாகும் வழியில் நம் ஊரிலேயே தங்கி நிற்கும் நம் நிலத்து மண் என்று கொள்ளலாம். அதை மீட்டு வயலிலிடுவது நம் முன்னோரின் நல்வழக்கம். அதனால் கண்மாயின் கொள்ளளவும் பெருகும். ஈரம் நில்லாத செவலும் மணற்பாங்கான நிலமும் களியேற்று நீரையும் எருவையும் பிடித்துக்கொள்ளும்.

கரம்பையின் தரத்தை எளிதிற் சோதிக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாது வைக்க. மணல் உடனே அடியிற் படியும்; நுண்துகள் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும்; களி மறுநாள் வரை நீரைக் கலக்கி நிற்கும். மேலடுக்கு தடித்திருப்பின் செவலுக்கு ஏற்றது. மணல் மிகுந்திருப்பின் வண்டிக்கூலி வீண். உவர் உண்டா என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் அறிந்த பின்னரே நிலத்தில் இடுக.

கரையை ஒட்டியும் மடையருகிலும் வெட்டலாகாது. மடையின் அடிமட்டத்திற்குக் கீழ்ப் பள்ளம் விழுந்தால் அங்குள்ள நீர் வயலுக்குப் பாயாது. அடியிலுள்ள களிப்படுகையை ஊடுருவினால் தேங்கிய நீர் கசிந்து போகும். ஆகையால் குழி பறிக்காமல் சமமாக எடுத்தல் நலம்.

இம் மண்ணை எடுப்பதற்கு வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறை 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வந்துள்ளது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைச் சிறு நிலக்காரருக்கும் தெரிவித்து, கோடையிலேயே மனுச் செய்விப்பது நன்று. மழை தொடங்கினால் வேலை நடவாது.

ஆயினும் கரம்பை அடிப்பது போனதை மீட்பதே. சரிவுக்குக் குறுக்கே உழுவதும், வரப்பை உயர்த்திக் கட்டுவதும், மழைக்காலத்தில் நிலத்தைப் பயிரால் மூடிவைப்பதும் போகாமற் காப்பதாம். இவற்றை இவ் வருஷத்து மழைக்கு முன்னரே செய்துகொள்வோரின் மேல்மண், கண்மாய்க்குப் போகாமல் அவர்கள் வயலிலேயே நிற்கும்.