நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் நாங்கள் இருந்த வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது தெரியும். மார்க் ஷீட் வந்த சாயங்காலம் எந்த வீட்டில் பெல்ட் இறங்குகிறது என்பதும் தெரியும். "அவங்க புள்ள, அவங்க அடிக்கிறாங்க" என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வோம். நானும் கூட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

ஏதோ ஒரு வீட்டுக் கோபம் என்று இதை ஒதுக்க முடியாது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் அடி உதை பட்டவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றவர்களே. அந்த 13-ல் கர்நாடகமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. அதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? "அடியாத மாடு படியாது" என்று பிள்ளையை மாட்டோடு சேர்த்துப் பேசுவது நம் மொழிதானே.

பள்ளிக்கூடத்தின் கதையும் வேறல்ல. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10-ல் ஏழு மாநிலங்களில் 6,632 பிள்ளைகளிடம் கேட்டது. எந்தத் தண்டனையும் பெற்றதில்லை என்றவர்கள் ஒன்பது பேர். நூற்றுக்கு ஒன்பது அல்ல, மொத்தமே ஒன்பது பேர். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்தது. அதற்குப் பிறகும் "கண்ணு ரெண்ட விட்டுட்டு தோல உரிச்சிடுங்க மிஸ்" என்று பாசத்தோடு சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அப்போது தரையைப் பார்க்கும். பள்ளியில் அடிவாங்கினால் அதை வீட்டில் வந்து சொல்ல முடியாது என்பது அந்த நிமிடமே அதற்குப் புரிந்துவிடும்.

வீட்டுக்குள் சட்டம் இன்னும் தயங்குகிறது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு பெற்றவர் செய்தது குற்றமல்ல என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் 89-வது பிரிவு, 2024-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. கொடுமை என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் கன்னத்தில் விழும் அறை எப்போது கொடுமை ஆகிறது, யார் போய்ப் புகார் கொடுப்பது? சுவீடன் 1979-லேயே வீட்டு அடியையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது. அடியால் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2025-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

பெற்றவர்களை அரக்கர்களாக்க எனக்கு மனமில்லை. வாடகை, ஷிஃப்ட், டிராஃபிக், கடன் எல்லாம் அந்தக் கையில்தான் வந்து இறங்குகின்றன. அதற்காகப் பிள்ளையின் முதுகு அவற்றைத் தாங்க வேண்டியதில்லை. அடி எல்லை மீறினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், காசு கிடையாது.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா இருந்தார். எந்த வீட்டில் அடிச்சத்தம் கேட்டாலும் டம்ளரோடு போய்க் கதவைத் தட்டுவார். "கொஞ்சம் சக்கரை இருக்கா?" கதவு திறக்கும். அடித்த கை சர்க்கரை டப்பாவைத் தேடப் போகும். அவர் வாசலிலேயே நின்று, "கண்ணு, இங்க வா" என்று பிள்ளையைக் கூப்பிடுவார்.