ஒரு சிலிண்டர், இரண்டு உயிர்: கடலடித் தொழிலில் கையிருப்புக் கணக்கு

கையிருப்பு என்றால் என்ன என்று நமது வியாபாரிகளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. கொடுத்த கடன் திரும்பி வராத மாதத்திலும் கடையைத் திறந்து வைத்திருக்க உதவுவது அதுதான். ஆனால் நமது கரையில் நடக்கும் ஒரு தொழிலில் கையிருப்புக் கணக்கு பிழைத்தால் ஆளே திரும்பி வரமாட்டார். சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கும் சுழியோடித் தொழிலைத்தான் சொல்கிறேன்.

கிழக்குக் கரையில் இத்தொழில் இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று, கடல் அட்டைக்கும் சங்குக்கும் இறங்குவது. அட்டை பதப்படுத்தப்பட்டு சிங்கப்பூர், ஹொங்கொங் சந்தைகளுக்குப் போகிறது. மற்றது சுற்றுலா. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அன்று அக்கப்பலோடு 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதில் ஏறத்தாழப் பாதி ஆழத்தில் இருக்கிறது. இவற்றைப் பார்க்கவே வெளிநாட்டார் பாசிக்குடாவுக்கும் மட்டக்களப்புக்கும் வருகின்றனர்.

கடலில் இறங்குபவர் ஒருவர். படகும் சிலிண்டரும் முற்பணமும் கொடுப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவர் நம்மில் பலர். அவர்களுள் சிலரோடு நான் பேசிப் பார்த்தேன். படகு இயந்திரத்தின் விலை, எரிபொருள் செலவு, அட்டையின் தரம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஒரு சுழியோடிக்குக் காற்று முடிந்தால் மற்றவர் எப்படிக் கொடுப்பார் என்று கேட்டால், அது அவர்களுக்குத் தெரியும் என்பதே பதிலாக இருந்தது. முதல் போட்டவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆழம் கூடக் காற்று குறையும்

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் தரையில் உள்ள அளவு அமுக்கம் மேலும் ஒரு மடங்கு சேர்கிறது. 10 மீற்றரில் இரண்டு மடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு, 50 மீற்றரில் ஆறு மடங்கு. சுவாசிக்கும் காற்றும் அதே கணக்கில் செலவாகும்.

12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்தில் காற்று நிரப்பினால் ஏறக்குறைய 2400 லீற்றர் காற்று இருக்கும். அமைதியாக இருக்கும் ஒருவர் தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கிறார் என்று வைப்போம். அப்படியானால் அந்தச் சிலிண்டர் தரையில் 2 மணித்தியாலம் வரும். 20 மீற்றரில் 40 நிமிடம். 50 மீற்றரில் 20 நிமிடம் மட்டுமே. இது கடைசி மூச்சு வரைக்குமான கணக்கு. கையிருப்பு இதில் சேரவில்லை.

50 பார் போதுமா?

மானியில் 50 பார் காட்டும்போது மேலே வந்துவிட வேண்டும் என்பது பலரும் சொல்லும் விதி. 12 லீற்றர் சிலிண்டரில் 50 பார் என்றால் 600 லீற்றர். தனியாள் ஒருவருக்கு இது போதலாம். துணைக்கு வந்தவரின் காற்று முடிந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் தொங்கினால்?

30 மீற்றரில் இது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 30 லீற்றர் இழுப்பார். இருவருக்கும் 60. அந்த ஆழத்தில் அது நான்கு மடங்காகி 240 லீற்றர். ஒருவரையொருவர் பிடித்து, காற்றைக் கொடுத்து, நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் போகும். பிறகு நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் தேவை. அதற்கு 500 லீற்றர். மேலே வருமுன் 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து நிற்பதற்கு 270 லீற்றர். மொத்தம் ஆயிரத்துக்குச் சற்று மேல். அதாவது 84 பாருக்கும் அதிகம்.

ஆகவே 30 மீற்றரில் வேலை செய்பவர், மானி 90 பார் காட்டும் முன்பே ஏறத் தொடங்க வேண்டும். கையிருப்பை எப்போதும் இரண்டு பேருக்காக வைக்க வேண்டும். இன்னொருவருக்குப் பிணை நிற்பவர் தன் செலவை மட்டும் கணக்குப் பார்த்தால் என்ன நடக்கும் என்பது வியாபாரிக்குத் தெரிந்த விடயமே.

உபகரணத்தில் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு சுழியோடியிடமும் இரண்டு வாய்க்கருவிகள் இருக்க வேண்டும். ஒன்று தனக்கு. ஒக்டோபஸ் என்று சொல்லப்படும் மற்றது துணைவருக்கு. அதன் குழாய் நீளமாகவும், கண்ணில் படும்படி மஞ்சள் நிறமாகவும் இருப்பது வழக்கம். நாடிக்கும் விலாவுக்கும் இடையில், ஓர் இழுப்பில் கழன்று வரும்படி மார்பில் பொருத்த வேண்டும். தொங்கவிட்டால் மணலும் சேறும் புகுந்து, தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது. ஒரே வாய்க்கருவியை இருவரும் மாறி மாறிக் கடிப்பது பழைய முறை. பதற்றத்தில் யாராவது ஒருவர் திருப்பிக் கொடுக்க மறுத்தால் இருவருக்கும் ஆபத்து.

கைச்சைகை எளிது. கழுத்தின் குறுக்கே கையை வெட்டுவதுபோல் காட்டினால் காற்று இல்லை என்று பொருள். வாயைச் சுட்டினால் காற்றைத் தா என்று பொருள். காற்றைக் கொடுத்ததும் ஒருவர் மற்றவரின் பட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று மூச்சு எடுத்து, மானியைப் பார்த்து, ஒன்றாக மெதுவாக ஏற வேண்டும்.

மூச்சை அடக்கவே கூடாது. சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சடக்கி மேலே வந்தால், ஓரிரு மீற்றர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். நமது வாவி ஆழமில்லாததுதானே என்று அங்கே சிலிண்டரைக் கட்டிப் பழகும் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நைலோன் வலையை அறுக்க ஒரு கத்தி, மேலே வந்ததும் படகை அழைக்க ஒரு விசில், படகில் ஒட்சிசன் சிலிண்டர் ஆகியவையும் தேவை. வேகமாக ஏறியவருக்கும், நாள் முழுதும் திரும்பத் திரும்ப இறங்கியவருக்கும் உடலில் கரைந்த நைதரசன் குமிழாகி மூட்டு வலி, மரத்துப்போதல், கால் விழுதல் வரலாம். வலி போக மீண்டும் கடலில் இறங்குவது சிலரது பழக்கம். அது நோயைக் கூட்டும். ஒட்சிசன் கொடுத்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அமுக்க அறைச் சிகிச்சைக்கு ஏற்பாடு கேட்க வேண்டும். திருகோணமலையில் கடற்படையிடம் அத்தகைய அறை உண்டு. எங்கே தொடர்புகொள்வது என்பதைப் படகு புறப்படுமுன் எழுதி வைத்திருக்க வேண்டும்.

முதலாளி கேட்க வேண்டிய கேள்விகள்

இனி முற்பணம் கொடுக்குமுன் ஐந்து கேள்வி கேளுங்கள். கடற்றொழில் திணைக்கள அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இறங்குபவர் பயிற்சி பெற்றவரா? இரண்டாவது வாய்க்கருவி கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது? துணையில்லாமல் யாராவது இறங்குகிறார்களா? எத்தனை பாரில் ஏறுகிறார்கள்?

இறங்குமுன் இருவரும் ஒருவர் உபகரணத்தை மற்றவர் சோதித்து, மாற்று வாய்க்கருவியில் இரண்டு மூச்சு எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்னும் கொஞ்சம் அட்டை கிடைக்குமே என்று, ஏற வேண்டிய நேரத்தைத் தாண்டி நிற்பவர்கள் பெரும்பாலும் முற்பணக் கடனில் இருப்பவர்களே. அந்த அவசரத்தை ஏற்படுத்துவது கடல் அல்ல, நமது கணக்குப் புத்தகம். ஆகவே 90 பாரில் ஏறி வந்தவரிடம் அன்றைய அட்டை குறைந்ததற்குக் காரணம் கேட்காதீர்கள்.