குளிர்காலமும் இருதயக் கருவியும்

ஸ்வீடன் தேசத்துக் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. அத்தேசத்தில், ஸ்டாக்ஹோமை அடுத்த ஸோல்னாவில், ஆர்னே லார்ஸன் என்பவர் தினந்தோறும் பலமுறை மூர்ச்சையடைந்து கிடந்தார். மனைவியின் விடாமுயற்சியால், 1958-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி அவருடைய சரீரத்தினுள் ‘பேஸ்மேக்கர்’ என்னும் கருவியை வைத்தார்கள். முழுவதும் உடலுக்குள் வைக்கப்பெற்ற முதற் கருவி அதுவே. சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. ஆயினும், பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகளைத் தாங்கி, அவர் 2001 வரை, 86 வயது பரியந்தம் வாழ்ந்தார்.

இத்தகைய கருவியைத் தாங்கியவர்கள் குளிருக்கு அஞ்சிக் கணப்பருகிலேயே முடங்கிக் கிடக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. கருவி தோலுக்கடியில் உடற்சூட்டிலேயே இருக்கிறது. வெளியே பனி பெய்வது அதைத் தீண்டாது. இக்காலத்துக் கருவிகள் பல, நாம் நடப்பதை உணர்ந்து, துடிப்பையும் அதற்கேற்ப விரைவாக்குகின்றன.

குளிரினால் துன்புறுவது கருவியன்று, இருதயமே. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் ஏறுகிறது. அப்போது வாசலில் குவிந்த பனியைத் திடீரென்று மண்வெட்டியால் வாரிக் கொட்டுவது ஆபத்து. வீட்டிற்குள்ளேயே சிறிது நடந்து உடலைச் சூடேற்றி, கம்பளி அணிந்து, நிதானமாக உலாவி வருவதே நலம். மார்பு வலித்தாலும் தலை சுற்றினாலும் உடனே நின்று உதவி நாட வேண்டும். கருவி வைத்த சில வாரங்கள் வரை, வைத்தியர் சொற்படியன்றி அப்பக்கத்துக் கையை உயரத் தூக்கலாகாது.

தாளம் தவறாமல் காப்பது கருவியின் கடமை. நடப்பது நம்முடைய கடமை.