நூதனசாலையை நடுவாக வைத்து ஒரு நகரப் பயணம்



யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கொழும்பு பார்க்க வந்து திரும்பும் நம்மவரிடம், "நூதனசாலை பார்த்தீர்களா?" என்று கேட்டால், "பார்த்தோம்" என்பர். "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று மேலும் ஒரு வினா எழுப்பினால், விடை தடுமாறும். சிம்மாசனம் ஒன்று நினைவில் நிற்கும்; ஏனையவை கண்ணாடிப் பெட்டிகளாகவே கலந்துவிடும். காலையில் மிருகக்காட்சிச்சாலை, நண்பகலில் நூதனசாலை, மாலையில் காலிமுகத்திடல், இடையிலே புறக்கோட்டைக் கடைத்தெரு என்று ஒரே நாளில் அடுக்கிக்கொண்டால், களைத்த காலுக்கும் பசித்த வயிற்றுக்கும் நடுவே கண் என்ன செய்யும்?

பயணத்தை வேறு விதமாக வகுத்துப் பார்ப்போம். முதலில், காணவேண்டிய பொருள்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம். அவற்றுக்குரிய வேளையை ஒதுக்குவோம். நகரத்தின் ஏனைய இடங்களை அவற்றைச் சுற்றி அமைப்போம்.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதனை நிறுவியவர் அக்காலத் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி. கட்டடத்தை வரைந்தவர் சிமிதர் என்னும் ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெரியார். உள்ளே நுழைவதற்கு முன், புல்வெளியில் நின்று அந்த வெண்ணிற மாளிகையைச் சிறிது நேரம் நோக்குதல் நன்று. அதுவும் காட்சிப் பொருள்களுள் ஒன்றே.

உள்ளே காண்பதற்கு நான்கினை மட்டும் இங்கே கூறுகின்றேன்.

முதலாவது, அநுராதபுரத்துத் தொலுவிலவிற் கிடைத்த புத்தர் சிலை. தியானத்தில் அமர்ந்த அந்தத் திருவுருவத்தின் முன் பேச்சுத் தானாகவே அடங்கும்.

இரண்டாவது, பொலன்னறுவைச் சிவன் கோயில்களின் அகழ்வில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்ட வெண்கலத் திருமேனிகள். ஆடவல்லானும் அம்மையும் சைவ நாயன்மாரும் அங்கே உளர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இந்நூதனசாலையின் வெண்கலங்களை ஆராய்ந்து 1914இல் நூல் வெளியிட்டார்.

மூன்றாவது, கண்டி மன்னரின் சிம்மாசனம். 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அது, 1934இலேயே நாடு திரும்பியது. ஒல்லாந்து அரசாங்கம் திருப்பிக் கொடுத்த லெவுக்கே பீரங்கி முதலிய ஆறு பொருள்களும் 2023இல் இந்நூதனசாலையை வந்தடைந்தன. ஒரு நாட்டின் உடைமை எங்கே இருக்கவேண்டும் என்னும் வினாவை மாணாக்கர் தாமே எழுப்புதற்கு இவை ஏற்றவை.

நான்காவது, காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல் இது, 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன மொழிப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையிலே கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய சமயத்துக்கும் உரிய காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவின. ஆயினும், 1911இல் இக்கல் காலியிற் கண்டெடுக்கப்பட்டபோது, ஒரு மதகின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது! எழுத்தின் பெருமை அறியாதபோது கல் வெறும் கல்லாகிவிடுகின்றது. எழுத்துகள் தேய்ந்திருப்பதால், இக்கதையை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்து வருதல் அவசியம். அறியாது வருவோர் கறுத்த பலகை ஒன்றையே காண்பர்.

இனி, வேளையை வகுப்போம். இரவுப் பயணம் செய்து விடியலிற் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்குவோர், உடனே சுற்றத் தொடங்குதல் ஆகாது. குளித்து, உண்டு, சற்றே இளைப்பாறி, நூதனசாலை திறக்கும் வேளைக்கே செல்லல் வேண்டும். வெயில் ஏறுமுன் கூட்டமும் குறைவு, மனமும் தெளிவு. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கட்டணத்தையும் புறப்படுமுன்னரே விசாரித்து அறிக. இரண்டு மணி நேரம் போதும். பிள்ளைகள் கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கட்டும். மிகவும் பிடித்த ஒரு பொருளை அவர்கள் வரையட்டும். ஒன்றை வரைந்த பிள்ளை அதனை எளிதில் மறவாது.

வெளியே வந்ததும் விகாரமாதேவிப் பூங்காவின் மரநிழலில் அமர்ந்து, கண்டதைப் பேசுக. பூங்காவின் ஓரமாகச் செல்லும் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயரே இடப்பட்டுள்ளது. நண்பகலில் உணவும் ஓய்வும். மாலையிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குச் செல்வது பொருத்தமாகும். அதனைக் கருங்கல்லாற் புதுப்பித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் குமாரசுவாமிக்கு அத்தை மகன். காலையில் அலங்காரமின்றிக் கலைப்பொருளாகக் கண்ட திருவடிவத்தை, மாலையிற் பூவும் தீபமும் மணியோசையும் சூழ வழிபாட்டிற் காணும்போது, முதலாவது காட்சியும் புதுப்பொருள் பெறும்.

மறுநாள், 1757ஆம் ஆண்டு தொட்டு வழிபாடு நிகழும் ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயத்தையும், கோட்டைப் பகுதியின் பழைய கட்டடங்களையும் பார்க்கலாம். கடைத்தெரு அதன் பின்னர். கடலைக் கடைசியாக வைத்துக்கொள்க. காலிமுகத்திடலிற் பிள்ளைகள் ஓடி விளையாடப் பயணம் இனிதே நிறைவுறும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்று சிலர் வினவலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுட் பலர் அந்த மாளிகைக்குப் பள்ளிப் பருவத்தில் ஒரு முறையே வருகின்றனர். அறுநூறு ஆண்டுகளுக்கு முன், தொலைநாட்டார் ஒருவர் இத்தீவினரோடு பேச நினைத்தபோது தமிழையும் கல்லிற் பொறித்தார் என்பதையும், மூன்று சமயத்தாருக்கும் ஒத்த மதிப்பு அளித்தார் என்பதையும் நேரிற் கண்டறிந்த பிள்ளை, இந்நாடு தனக்கும் உரியது, பிறருக்கும் உரியது என்ற உணர்வோடு ஊர் திரும்பும். அந்த ஒரு காலைப்பொழுதை அவசரத்திற்குப் பலியிடாதிருப்போமாக.