நான்கு மணிக்கு இருட்டும் மலை

லண்டனின் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வேல்ஸின் ஸ்னோடன் மலையடிவாரத்துக்குக் காரில் ஏறத்தாழ 5 மணி நேரம். சனிக்கிழமை காலை 6 மணிக்குப் புறப்படும் கார், நெரிசல் இல்லாவிட்டால், 11 மணிக்கு லான்பெரிஸ் ஊரைச் சேரும். இடம் தேடி நிறுத்தி, பூட்ஸ் மாட்டி நடக்கத் தொடங்கும்போது 11.30.

லான்பெரிஸ் பாதை அந்த மலையின் ஆக எளிய பாதை என்று பெயர் பெற்றது. ஒருவழித் தூரம் ஏறத்தாழ 7.2 கிலோமீட்டர், ஏற்றம் 975 மீட்டர். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் வகுத்த நடைக்கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி உச்சிக்கு 3 மணி நேரம். இது காய்ந்த தரைக்கும் ஓய்வில்லாத நடைக்கும் உரிய கணக்கு. பனியில் கால் புதைந்து பாதி நேரம் கூடினால் உச்சியைத் தொடும்போது மாலை 4. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவதும் அதே வேளைதான். அடுத்த முக்கால் மணி நேரத்தில் இருட்டு. இறங்க வேண்டிய 7.2 கிலோமீட்டர் அப்படியே மீதி இருக்கிறது.

ஸ்னோடனின் உயரம் 1,085 மீட்டர். இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். அதை இரவில், விளக்கு வெளிச்சத்தில், வழிநெடுகத் தேநீர்க் கடைகளைத் தாண்டி முதியவர்களும் ஏறுகிறார்கள். ஸ்னோடன் அதில் பாதிகூட இல்லை. ஆனால் அது பூமத்திய ரேகையிலிருந்து 53 பாகை வடக்கே நிற்கிறது. அதன் வெல்ஷ் பெயர் அர் வித்வா. சமாதிமேடு என்பது பொருள்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 4 டிகிரி என்றால் உச்சியில் ஏறத்தாழ மைனஸ் 2. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 11. நனைந்த ஜீன்ஸ் இன்னொரு கணக்கு. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

பனி என்ற ஒரே சொல்லால் நாம் புல்லின் ஈரத்தையும், மூட்டத்தையும், கொட்டிக் கிடக்கும் வெள்ளையையும் சொல்லிவிடுகிறோம். மலையில் இவை வெவ்வேறு ஆபத்துகள். மூட்டமும் வெள்ளைத் தரையும் சேர்ந்தால் அடிவானம் அழிந்துவிடும். மேடு எது, பள்ளம் எது என்று கண் பிரிக்காது. இதற்கு வைட் அவுட், அதாவது வெண்மறைப்பு, என்று பெயர். அந்த நிலையில் நேராக நடப்பதாக நம்புபவர் நேராக நடப்பதில்லை. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனையில், சூரியன் தெரிந்தவர்கள் காட்டில் நேராக நடந்தார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்கள் தங்களை அறியாமலே வட்டமடித்தார்கள். கண் கட்டப்பட்டவர்களில் சிலர் போட்ட வட்டத்தின் விட்டம் 20 மீட்டர்.

வழி தெரியாதவர் எதையாவது பிடித்துக்கொண்டு போவார். லான்பெரிஸ் பாதைக்குப் பக்கத்தில் பிடிக்க ஏற்ற ஒன்று இருக்கிறது: 1896இல் திறக்கப்பட்ட மலை ரயிலின் தண்டவாளம். நடுக்குளிர்காலத்தில் உச்சிக்கு ரயில் ஓடாது. ஆனால் தண்டவாளம் ஊருக்குத்தான் போகிறது. ரயிலை நம்பி வாழும் நகரத்திலிருந்து வந்தவருக்கு அதைவிட நம்பகமான வழி தோன்றாது. குளொக்வின் கோக் என்ற செங்குத்துப் பாறைக்கு மேலே, காற்று கொண்டுவரும் பனி அந்தத் தடத்தை மூடி, மலைச்சரிவோடு சமமாக்கிவிடும். தடம் இருந்த இடத்தில் வெளிப்பக்கம் புடைத்த வழுக்குச் சரிவு மட்டும் மிஞ்சும். புடைத்திருப்பதால் அதன் கீழ்முனை மேலிருந்து தெரியாது. அந்த முனைக்குக் கீழே பாறை. அங்கே தண்டவாளத்தோடு போனவர்கள் இறந்திருக்கிறார்கள்.

பனி இறுகிய 30 பாகைச் சரிவில் மழை உடுப்போடு சறுக்குபவர், உராய்வு மிகக் குறைவாக இருந்தால், 3 விநாடிகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவார். பனிக்கோடரியைச் சரிவில் குத்தி நிறுத்துவதற்கான அவகாசம் அந்த 3 விநாடிகளில் முதலாவது மட்டுமே. கோடரியை வாங்கிப் பையில் கட்டி வந்தவருக்கு அதுவும் இல்லை.

பென் நெவிஸ் 1,345 மீட்டர், பிரித்தானியாவின் ஆக உயர்ந்த மலை. அதன் தட்டையான உச்சியிலிருந்து வெண்மறைப்பில் இறங்குவதற்கான வழி இரண்டு எண்களில் அடங்குகிறது. நில அளவைத் தூணிலிருந்து வரைபட வடக்கைக் கொண்டு 231 பாகையில் 150 மீட்டர். பிறகு 282 பாகை. திசைகாட்டியின் முள் காட்டும் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் வேறு. அந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பழைய வழிகாட்டி நூலின் திருத்தம் இன்று பிழையாகும். 150 மீட்டரை அடி எண்ணியே அளக்க வேண்டும். சீக்கிரம் திரும்பினால் வலப்பக்கம் வடமுகப் பாறைகள். திரும்பிய பிறகு இடப்பக்கம் சாய்ந்தால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்ற பாறைப் பிளவு. அது தொடக்கத்தில் சாதாரண இறக்கம்போலவே இருக்கும். ஓடையோடு இறங்கினால் ஊர் வரும் என்பது நம்மூர் அறிவு. இங்கே ஓடைகள் பாறை விளிம்பில் விழுகின்றன.

கைபேசியும் ஒரு வழி காட்டும். 2021 ஜூலையில், கூகுள் மேப்ஸ் பென் நெவிஸுக்குக் காட்டிய ஒரு நடைவழி உயிரைப் பறிக்கக்கூடியது என்று ஜான் மியூர் அறக்கட்டளையும் ஸ்கொட்லாந்து மலையேற்ற அமைப்பும் எச்சரித்தன. உச்சிக்கு நேர்கோட்டில் அருகிலுள்ள கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பாதையே இல்லாத செங்குத்துச் சரிவில் புள்ளிக்கோடு போட்டிருந்தது அது. குளிரில் லித்தியம் மின்கலம் விரைவில் சோர்ந்துபோகும். 40 விழுக்காடு காட்டும் கைபேசி திடீரென்று அணையலாம்.

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி. 35க்குக் கீழே போனால் உடல்வெப்பக் குறைவு, அதாவது ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், தடுமாற்றம். வழியைத் தீர்மானிக்க வேண்டிய மூளையும் இந்தக் கட்டத்திலேயே பிசகத் தொடங்குகிறது. பிசகியவர் அதை உணர்வதில்லை, கேட்டால் நலம் என்பார். ஏறத்தாழ 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் நின்றுவிடும். கூட வந்தவர்கள் அதைத் தேறிவிட்டதன் அறிகுறியாக எடுத்துக்கொள்வதுண்டு. இறுதிக் கட்டத்தில் சிலர், உடல் எரிவதுபோலத் தோன்றுவதால், உடுப்பைக் களைவார்கள்.

1971 நவம்பர் 20, சனிக்கிழமை. எடின்பரோ பள்ளி மாணவர்கள் ஸ்கொட்லாந்தின் கேர்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் இரண்டு குழுக்களாக நடந்தார்கள். மேட்டின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர், ஸ்னோடன் உச்சி அளவுதான். கரன் என்ற சிறு தங்குமிடம் அவர்களது திட்டத்தில் இருந்தது. வலுவான குழு அதைச் சேர்ந்தது. மற்றக் குழு சேரவில்லை. பனிப்புயலில், திறந்த வெளியில், இரண்டு இரவுகள். திங்கட்கிழமை மீட்பாளர்கள் கண்டபோது, 15 வயதையொட்டிய ஐந்து மாணவர்களும் 18 வயது உதவிப் பயிற்றுநரும் இறந்திருந்தார்கள். குழுத் தலைவியும் ஒரு மாணவனும் பிழைத்தார்கள். 1975இல் அந்தத் தங்குமிடம் இடித்து அகற்றப்பட்டது. அது இருக்கிறது என்ற நம்பிக்கையே ஆட்களை மேலே இழுக்கிறது என்றும், பனி மூடினால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றும் அகற்றச் சொன்னவர்கள் வாதிட்டார்கள்.

மலை மீட்புக் குழுவினர் ஊதியமில்லாத் தொண்டர்கள். 999ஐ அழைத்து முதலில் பொலிஸையும் பிறகு மலை மீட்பையும் கேட்க வேண்டும். பேச முடியாத அளவு அலைவரிசை நலிந்திருந்தால் 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் முன்னரே பதிவு செய்த கைபேசியிலிருந்து மட்டுமே அது ஏற்கப்படும். பதிவு செய்ய 'ரெஜிஸ்டர்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் 999க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு 'யெஸ்' என்று அனுப்பினால் போதும். ரெய்னர்ஸ் லேன் நடைமேடையில் அடுத்த ரயில் வருவதற்குள் செய்துவிடலாம்.