சிவப்புக் கிளிப்பும் ஒரு வீடும்

2005ஆம் ஆண்டு ஜூலையில் கனடாவைச் சேர்ந்த கைல் மக்டொனால்ட் என்னும் இளைஞர், கடதாசி கோர்க்கும் சிவப்புக் கிளிப் ஒன்றைக் கொடுத்து மீன் வடிவப் பேனை ஒன்றைப் பெற்றார். பேனை கதவுக் குமிழாயிற்று, குமிழ் அடுப்பாயிற்று. இப்படி 14 பண்டமாற்றுகள். ஓராண்டில் கிப்ளிங் என்ற சிற்றூரில் வீடே கிடைத்தது. பின்னர் இதையே மேடைகளில் சொல்லும் பேச்சாளருமானார்.

இடையில் ஒரு கட்டம். அலிஸ் கூப்பர் என்ற பிரபல பாடகருடன் ஒரு பிற்பகலைக் கழிக்கும் வாய்ப்பைக் கொடுத்து, உள்ளே பனி பொழிவதுபோல் காட்டும் கண்ணாடி உருண்டை ஒன்றை வாங்கினார். பைத்தியக்காரத்தனம் என்றனர் பலர். ஆனால் கோர்பின் பெர்ன்சன் என்ற நடிகர் இத்தகைய உருண்டைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர். அதற்காகத் திரைப்படப் பாத்திரம் ஒன்றை அவர் கொடுத்தார். ஊரின் பெயர் பரவ விரும்பிய கிப்ளிங் ஊரவர் அப்பாத்திரத்துக்கு வீட்டைக் கொடுத்தனர். ஒரு பொருளின் பெறுமதி, அது யாருக்குத் தேவை என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது.

பத்திரிகைகளும் இணையமும் அவருக்குத் துணைநின்றன. நமக்கும் வீடு கிடைக்குமென நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அவசரமும் இருக்கவில்லை. அடுப்பெரியாத வீட்டில் விதைநெல்லை அரிசிக்கு மாற்றுபவரோ வியாபாரி சொன்னதற்கு இணங்கவேண்டியவர். ஆகவே தனித்தனியே போகாதீர்கள். யாரிடம் மண்வெட்டி, யாரிடம் தையல் மெசின், யார் வீட்டில் ஆள்பலம் உண்டென்று முதலில் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஒருநாள் தையலுக்கு ஒருநாள் கொத்து வேலை என மாற்றலாம். விதைநெல்லை மாத்திரம் அந்தக் கொப்பியில் எழுதவேண்டாம்.