கிடங்கு கிண்டுற மெசின்: சிசி பார்க்க முதல் கைப்பிடியைப் பாருங்கோ

பற்றரிக் கருவிகளைப் பற்றின எபிசோட்டில ஆகருக்கு நேரம் காணாமல் போச்சு. அதை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறன்.

மே மாசம் வந்தால் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் பின்வளவு வேலைகள் தொடங்கிடும். அப்பாவுக்கு வேலி மாத்த வேணும், அம்மாவுக்குப் பாகற்கொடிக்குப் பந்தல் வேணும், உங்களுக்கு டெக் வேணும். மூண்டுக்கும் முதல் வேலை ஒண்டுதான்: கிடங்கு கிண்டுறது. ஊரில அதுக்கு அலவாங்கும் மண்வெட்டியும். இங்க ஆகர். பெரிய திருகாணி மாதிரி ஒரு பிட், அதுக்கு மேல ஒரு எஞ்சின் அல்லது மோட்டர், பிடிக்க ரெண்டு கைப்பிடி. பிட் சுழண்டு மண்ணை வெட்டி மேல கொண்டு வரும்.

கடையில பெட்டியில பெரிசா எழுதியிருக்கிறது 52 சிசி, 18 வோல்ட் மாதிரியான எண்கள். மெசின் எவ்வளவு பலமாச் சுழட்டும் எண்டதை அது ஓரளவு சொல்லும். ஆனால் பிட் சுழல ஏலாமல் நிண்டால் என்ன நடக்கும் எண்டதைச் சொல்லாது. ஆகர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகேக்க கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

பிட் நிண்டால் எது சுழலும்?

சின்னக் கணக்கு ஒண்டு. ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 2 நியூட்டன் மீட்டர் டோர்க், அதாவது முறுக்கு விசை, குடுக்குது எண்டு வையுங்கோ. கியர்பொக்ஸ் வேகத்தை 30 மடங்கு குறைச்சு, டோர்க்கை 30 மடங்கு கூட்டும். பிட்டில 60 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதே 60 எதிர்ப்பக்கமாக உங்கட கையிலயும் இருக்கு. நியூட்டனின் மூண்டாம் விதி பின்வளவுக்கும் பொருந்தும்.

கைப்பிடிகளுக்கு இடையில 60 சென்ரிமீட்டர் எண்டால், ஒவ்வொரு கையும் 100 நியூட்டன் தாங்க வேணும். கிட்டத்தட்ட 10 கிலோ. இடைவெளி 40 சென்ரிமீட்டர் எண்டால் அது 15 கிலோ. எஞ்சின் அதேதான், கைப்பிடி மட்டும்தான் வேற. இதுவும் சீராக வெட்டேக்கதான். கல்லில அல்லது வேரில சட்டெண்டு முட்டினால், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் வேகமும் சேர்ந்து வந்து கையை முறுக்கும். பிட் நிமிசத்துக்கு 200 தரம் சுழண்டால், வினாடிக்கு மூண்டு தரத்துக்கு மேல. கையை விட வேணும் எண்டு மூளை முடிவெடுக்கவே கால் வினாடி ஆகும். அதுக்குள்ள முக்கால் சுற்று முடிஞ்சிடும். மணிக்கட்டும் தோளும் அடிபடுறது இப்பிடித்தான்.

அதால, ஒரே பலமுள்ள ரெண்டு மெசினில கைப்பிடி அகலமானதை எடுங்கோ. பிட் சிக்கினால் தானா நிப்பாட்டுற வசதி இருந்தால் இன்னும் நல்லது.

பெற்றோலா, பற்றரியா?

பெற்றோல் மெசினில ஒரு கிளச் இருக்கு. எஞ்சின் வேகம் கூடினால் அது பிடிக்கும், அக்சிலரேட்டரை விட்டால் கழரும். அதாவது, நிப்பாட்ட வேண்டியது நீங்கள். பற்றரி மெசினில மோட்டரை ஒரு கொன்ட்ரோலர் ஓட்டுது. சில மொடல்களில, உங்கட போனில இருக்கிற மாதிரியான அசைவு சென்சர் ஒண்டு மெசினின் உடம்பு திடீரெண்டு திரும்புறதைக் கண்டுபிடிச்சு, உடனே கரண்டை நிப்பாட்டும். மனிசக் கையைவிட அது வேகம். பின்பக்கம் சுழட்டுற பட்டனும் பல பற்றரி மொடல்களில இருக்கு. மாட்டின பிட்டைக் கழட்ட அது பெரிய உதவி.

பற்றரியின் குறை நேரம். 18 வோல்ட், 12 ஆம்ப் அவர் பற்றரியில 216 வாட் அவர் இருக்கு. மெசின் 800 வாட் இழுத்தால் தொடர்ந்து 16 நிமிசம். பந்தலுக்கு நாலு கிடங்கு எண்டால் காணும். வேலிக்கு 20 கிடங்கு எண்டால் ரெண்டு மூண்டு பற்றரி வேணும், இல்லாட்டி பெற்றோல். பெற்றோல் எண்டால் ஒயில் கலக்கிற அளவை மனுவலில பாருங்கோ. 50க்கு 1 எண்டால் 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர்.

கிடங்கின் அளவைத் தெரிஞ்சுகொண்டு கடைக்குப் போங்கோ

ரொறன்ரோ பக்கம் குளிர்காலத்தில நிலம் ஏறக்குறைய 1.2 மீற்றர், அதாவது 4 அடி, வரைக்கும் உறையலாம். தண்ணி உறையேக்க கிட்டத்தட்ட 9 வீதம் விரியும். களிமண் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். தூண் அந்த ஆழத்துக்குக் கீழ போகாட்டி, வருசா வருசம் பனி அதை மேல தள்ளும். வேலி கோணுறது இதாலதான். ஆனால் பெட்டிக்குள்ள வாற பிட் பெரும்பாலும் 30 தொடக்கம் 36 அங்குலம்தான். 4 அடிக்கு எக்ஸ்டென்சன் வேணும். முதல்ல பிட்டின் நீளத்துக்குக் கிண்டிப்போட்டு, பிறகு அதைப் பூட்டுங்கோ. ஆரம்பத்திலயே பூட்டினால் மெசின் உங்கட முகத்துக்கு நேரே நிக்கும்.

அகலத்திலயும் கவனம். 6 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்குப் போனால் மண் 2.8 மடங்கு. 8 அங்குல அகலம், 4 அடி ஆழமான கிடங்கு ஒண்டில மட்டும் கிட்டத்தட்ட 40 லீற்றர் மண் இருக்கு. ஒவ்வொரு வருசமும் கழட்டிப் பூட்டுற பந்தல் கம்பிக்கு 6 அங்குலம், 2 அடி ஆழம் போதும். ஒருத்தர் பிடிக்கிற மெசின் அதைச் செய்யும். வேலித் தூணுக்கு 10 அங்குலம், 4 அடி, அதுவும் களிமண் எண்டால், இழுத்துக்கொண்டு போற பெரிய ஆகரை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கோ. அதில நீளமான இரும்புத் தடி ஒண்டு முறுக்கைத் தாங்கும், உங்கட கைக்கு வராது.

தனியா பிட் வாங்கினால் பூட்டுற தண்டின் அளவைப் பாருங்கோ. சிலதில 20 மில்லிமீற்றர், சிலதில 7/8 அங்குலம். யூஎஸ்பி கேபிள் மாதிரி, பார்க்க ஒண்டுபோல இருக்கும், பூட்ட ஏலாது.

கிண்ட முதல் ஒரு அழைப்பு

ஒன்ராறியோவில கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேணும். இது சட்டம், வீட்டுக்காரருக்கு இலவசம். குறைஞ்சது அஞ்சு வேலை நாளுக்கு முன்னமே கேளுங்கோ. வந்து நிலத்தில நிறம் அடிப்பினம்: மஞ்சள் காஸ், சிவப்பு கரண்ட், செம்மஞ்சள் இன்டர்நெட் மற்றும் டெலிபோன், நீலம் குடிதண்ணி, பச்சை கழிவுநீர். கோட்டிலிருந்து 1 மீற்றருக்குள்ள ஆகர் வேண்டாம், கையாலதான். வீட்டுக்காரர் தாங்களே இழுத்த லைன்களை, உதாரணமாக பார்பிக்யூவுக்குப் போற காஸ் லைன், இவையள் குறிக்க மாட்டினம். அதைப் பற்றி அப்பாட்ட கட்டாயம் கேளுங்கோ. அமெரிக்காவில இருக்கிறவை 811ஐ அழையுங்கோ.

கிண்டேக்க

- கால் ரெண்டையும் அகலமா வைச்சு, மெசினை உடம்புக்குக் கிட்டப் பிடியுங்கோ.
- ஒரேயடியா இறக்க வேண்டாம். அரை அடி இறக்கி, மேல எடுத்து, மண்ணைக் கொட்டி, திரும்ப இறக்குங்கோ. பிட் மண்ணுக்குள்ள புதைஞ்சு மாட்டுறது அவசரத்தாலதான்.
- மெசின் குதிச்சால் கல். நிப்பாட்டி, பிட்டை வெளிய எடுத்து, அலவாங்கால கல்லைக் கிளப்புங்கோ. இந்த இடத்தில அப்பாவின்ர அனுபவம் எந்த மெசினையும் வெல்லும்.
- பிட் மாட்டினால் எஞ்சினை முழுசா நிப்பாட்டிப்போட்டு, பின்பக்கமாகத் திருப்பிக் கழட்டுங்கோ.
- ஹூடி நாடா, தொங்குற சால்வை, இயர்போன் வயர் ஒண்டும் வேண்டாம். எங்கட பொட்காஸ்டையும் அந்த நேரம் கேட்க வேண்டாம்.
- தூண் நடுமட்டும் கிடங்கைப் பலகையால மூடுங்கோ. 10 அங்குலக் கிடங்கு ஒரு குழந்தையின் காலுக்குத் தாராளம்.

கடைக்குப் போக முதல் மூண்டு எண்ணை எழுதிக்கொண்டு போங்கோ: எத்தனை கிடங்கு, எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம். பிறகு மெசினைக் கையில தூக்கிப் பிடிச்சுப் பார்த்து, இது கல்லில முட்டினால் எனக்கு என்ன செய்யும் எண்டு விற்கிறவரைக் கேளுங்கோ. அவர் சிசியைப் பற்றி மட்டுமே கதைச்சால் அடுத்த கடையையும் ஒருக்காப் பாருங்கோ.